கெட்ட செய்தி வரும் நேரம்

எதிர்வீட்டு அக்கா என்ன வேலை பார்க்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது. பல்கலைக்கழகத்தில் நிதித்துறையில் பாடம் நடத்துகிறார் என்பது நான் குடிவந்த அன்றைக்கே தெரியும். நிதி என்றால் பணம். பணத்தைப் பற்றிப் படித்தவர் எதிர்க்கதவிலேயே கிடைத்திருக்கிறாரே என்று, என் சேமிப்பை எதில் போட்டால் பெருகும் என்று கேட்டேன். மாடிப்படிக் கொடியில் ஈரத்துணியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே தெரியாதாம்.

நான் பல் டாக்டரிடம் உதவியாளர். வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களின் எச்சிலை உறிஞ்சுகிற குழாயைப் பிடிப்பது என் வேலை. நாள் முழுக்கப் பதில் சொல்ல முடியாதவர்களோடு பேசிப் பேசி அலுத்து வருகிறவள், பதில் சொல்லக்கூடிய ஆள் யாராவது கிடைத்தால் லேசில் விடமாட்டேன்.

"அப்ப இத்தன வருஷமா என்னதான்க்கா ஆராய்ச்சி பண்றீங்க?"

"ஒரு கம்பெனிக்கு நஷ்டம் வந்துருச்சுன்னு வச்சுக்கோ. அத எப்ப வெளிய சொல்லுவான்?"

"சொல்லவே மாட்டான்."

"சொல்லித்தான் ஆகணும், சட்டம் இருக்கு. பங்கு வாங்கினவன் ஏமாந்துடக் கூடாதில்ல? ஆனா எந்த நாளு, எத்தன மணிங்கறது கொஞ்சம் அவன் கையில இருக்கு. நல்ல செய்தின்னா திங்கக்கிழம காலையிலயே ஊரக் கூட்டிச் சொல்லுவான். கெட்ட செய்திய வெள்ளிக்கிழம சாயங்காலம், பங்குச்சந்தை மூடினப்புறம், எல்லாரும் பைய மாட்டிக்கிட்டுக் கிளம்பற நேரம் பாத்து மெதுவா வெளிய தள்ளிவிடுவான். அப்புறம் ரெண்டு நாள் லீவு. திங்கக்கிழம வர்றதுக்குள்ள பாதிப் பேருக்குச் சூடு ஆறிப்போயிருக்கும்."

"அட திருட்டுப் பசங்களா!" என்றேன். சொன்ன வேகத்தில் கையிலிருந்த வாளியைச் சாய்த்துவிட்டேன். அக்கா சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அக்காவின் வாழ்க்கை. படித்து முடித்த புதிதில் அவர் கண்டுபிடித்து எழுதியது. அதை வைத்துத்தான் வேலை கிடைத்தது. அதை வைத்துத்தான் தூரதேசத்து ஆட்கள்கூடக் கடிதம் போட்டார்கள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அதன் மேலேயே எழுப்பிய மாடிகள். புதிதாக வந்த முதலாளி எப்போது சொல்கிறார், பழைய முதலாளி எப்போது சொல்கிறார், கடன் வாங்கப்போகிற கம்பெனி எப்போது சொல்கிறது, இப்படி. நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். எனக்குப் பங்கு என்றால் அரைக்காசுக்கு விவரம் தெரியாது. ஆனால் அடுத்தவர் எதை எப்போது ஒளிக்கிறார் என்பதில் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

இப்படி ஒருத்தர் வீட்டில் இருந்தால் மற்றவர்கள் பாடு திண்டாட்டம்தான். மகள் குட்டி பள்ளியின் கடைசி வருடம். பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் அதைச் சொல்ல அவளுக்கு நேரமே கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னால் அம்மா உடனே, "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று குதிப்பார். ஒரு நல்ல சேதியோடு சேர்த்துச் சொன்னால், "ரெண்டையும் ஒண்ணா மூட்ட கட்டறா பாருங்க, இதையும் நான் எழுதியிருக்கேன்" என்பார். திட்டு கம்மிதான். ஆனால் அம்மாவின் ஆராய்ச்சிக்கு உதாரணமாகப் போவதற்குத் திட்டே வாங்கிக்கொள்ளலாம் என்பாள் குட்டி.

அந்த மழைக்காலத்தில் அக்காவுக்கு ஒரு பெரிய விஷயம் வந்தது. அவர் இன்னும் முழுப் பேராசிரியர் இல்லை, ஒரு படி கீழே. இரண்டு முறை பதவி தட்டிப்போயிருந்தது. இந்த முறை விட்டால் அடுத்த இடம் காலியாகும்போது அவருக்கு ஓய்வுபெறும் வயது வந்துவிடும். பதவி வேண்டுமென்றால், தன் ஆராய்ச்சி முழுவதையும் பற்றி ஒரு பொது உரை ஆற்றவேண்டும். தேர்வுக்குழு முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கும். அக்கா கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுவது என் சமையலறைக்குக் கேட்கும்.

அந்த வாரம்தான் நெட்டை சாப்பிடாமல் எழுந்துபோனான். நெட்டை, அக்காவிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பையன். வாசற்படியில் குனிந்துதான் வருவான். சாப்பாட்டு மேஜையில் அவன் தட்டைக் காலி செய்கிற வேகத்தைப் பார்த்துக் குட்டி அவனுக்கு 'துடைப்பான்' என்று இன்னொரு பெயர் வைத்திருந்தாள். அப்படிப்பட்டவன் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிவிட்டு, வயிறு சரியில்லை மேடம் என்று கிளம்பினான். அக்கா உரையில் காட்டப்போகிற படம் ஒன்றைத் திருத்துகிற மும்முரத்தில், "சரிப்பா, வெந்நீர் குடி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் என் கண்ணாடியை வாங்கக் கடைக்குப் போனேன். அக்காவின் கணவருக்குக் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவது. சக்கரத்தில் கண்ணாடி வில்லையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை, கடையில் ஈ காக்காய் இல்லை. என்னைப் பார்த்ததும் சக்கரத்தை நிறுத்திவிட்டார்.

"நெட்டை இந்த வாரம் மூணு தடவ கண்ணு காட்ட வந்துட்டான்" என்றார்.

"ஐயையோ, கண்ணுல கோளாறா?"

"அவன் கண்ணுக்கு என்ன? பலகையில கடைசி வரிய எனக்கு முன்னாடி படிச்சிடறான். மூணாவது தடவ உக்கார வச்சு, என்னடா சங்கதின்னேன். பொலபொலன்னு அழுதுட்டான்."

"காதலா?"

"அதா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" அண்ணா வில்லையைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "அவளோட வெள்ளிக்கிழமை இருக்கில்ல. அது தப்போன்னு அவனுக்குச் சந்தேகம் வந்துருச்சு."

நான் கண்ணாடியை மறந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணா எனக்குப் புரியும்படிதான் சொன்னார். அவருக்கும் நெட்டை அப்படித்தான் சொல்லியிருக்கிறான். அக்கா ஆராய்ந்தது பழைய காலத்து விவரங்கள். அப்போதெல்லாம் கம்பெனிகள் அறிக்கையைத் தாளில் அச்சடித்து ஒரு செய்தித் திரட்டு நிறுவனத்துக்கு அனுப்பும். அங்கே தட்டச்சு செய்கிறவர்கள் அதைக் கணினியில் ஏற்றுவார்கள். அந்தத் தொகுப்பைத்தான் பிற்பாடு பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் 'நேரம்' என்று ஒரு கட்டம்.

"அது கம்பெனி சொன்ன நேரம்னு இவ எடுத்துக்கிட்டா" என்றார் அண்ணா. "டைப் அடிச்சவங்க ஏத்தி முடிச்ச நேரமா இருக்குமோன்னு இவன் கேக்கறான்."

"சும்மா கேக்கறதுதானே? கேட்டுட்டுப் போறான்."

"சும்மா இல்லம்மா. இப்பல்லாம் கம்பெனியே நேரா பங்குச்சந்தைக்குக் கம்ப்யூட்டர்ல அனுப்புது. அந்தப் புது முற ஆரம்பிச்ச மாசத்துலேருந்து வெள்ளிக்கிழமைக் கூட்டமே காணோமாம். கத்தி வச்சு வெட்டினாப்ல. அது போகட்டும், காலம் மாறிப்போச்சுன்னு சொல்லிக்கலாம். இவன் இன்னொண்ணு பாத்திருக்கான். பழைய விவரத்துலயே, நீளமா இருக்கிற நல்ல செய்தியும் வெள்ளிக்கிழம சாயங்காலந்தான் விழுதாம். சுருக்கமா இருக்கிற கெட்ட செய்தி எல்லா நாளும் வருதாம். நஷ்டத்தச் சொல்றவன் எப்பவும் பக்கம் பக்கமா விளக்கம் எழுதுவான் இல்ல? கெட்டதுங்கறதால வெள்ளிக்கிழம இல்ல. நீளம்ங்கறதால."

மழை பெய்கிற தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்காகிட்ட சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? உரைக்கு இன்னும் ஒரு வாரம்கூட முழுசா இல்ல. முடியட்டும். பதவி கைக்கு வரட்டும். அப்புறம் நானே சொல்றேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

இருப்பேன் என்றேன். வாயைப் பற்றி என்னிடமே சொல்கிறாரே என்று கோபம்கூட வந்தது.

அண்ணா குட்டியையும் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மறைக்க முடியாது என்று நினைத்தாரோ என்னவோ. மூன்று பேரும் அக்காவிடம் இயல்பாக இருப்பது என்று தீர்மானம். எந்த மடையனும் தீர்மானம் போட்டு இயல்பாக இருந்ததில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில்தான் எனக்கும் சாப்பாடு. சூப்பும் ரொட்டியும். ஜன்னல் முழுக்க நீர்ப்புகை. மேலே கட்டிய கயிற்றில் நான்கு நாளாகக் காயாத துணிகள். அக்கா ரொட்டியைக் கிழித்துச் சூப்பில் தோய்த்தபடி தன் உரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் அளவுக்கு மேல் தலையாட்டினோம். திடீரென்று குட்டி சொன்னாள்:

"அம்மா, வேதியியல்ல ஃபெயில்."

"சரி, அடுத்த தடவ பாத்துக்க" என்றார் அக்கா, ரொட்டியை மென்றபடி.

அண்ணா தொண்டையைச் செருமினார். "உன் மிக்ஸி ஜாடிய உடைச்சது நான்தான். இவ இல்ல."

எனக்கு என்ன கேடு வந்ததோ, நானும் சும்மா இருக்க மாட்டாமல், "உங்க குடைய பஸ்ல விட்டுட்டேன்க்கா" என்றேன். அந்தக் குடை போய் மூன்று மாதம்.

அக்கா மெல்லுவதை நிறுத்தினார். ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"பெருசா ஒண்ண உள்ள வச்சிருக்கிறவன்தான் சின்னதையெல்லாம் தானா எடுத்து வெளிய போடுவான்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "என்னது அது?"

நெட்டை இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பான். அக்கா அண்ணாவை மட்டும் பார்த்தார். பார்க்கப் பார்க்க அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

"உங்களுக்குத்தானே? கொஞ்ச நாளா நீங்க சரியாச் சாப்பிடல. இளைச்சுட்டீங்க. நான் என் பேச்சு, என் பேச்சுன்னு கண்ணாடிய பாத்துக்கிட்டு நின்னுட்டேன். டாக்டர் என்ன சொன்னாரு? எந்த டாக்டர்கிட்ட போனீங்க? சொல்லுங்க, என்னால தாங்க முடியும்." அண்ணாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தாங்க முடியும் என்று சொன்னவரின் கண்ணிலிருந்து தண்ணீர் சூப்பிலேயே விழுந்தது.

இதற்கு மேல் எந்த மனுஷனால் ஒளிக்க முடியும்? "எனக்கு ஒண்ணுமில்ல, சத்தியமா ஒண்ணுமில்ல" என்று அண்ணா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நெட்டை கண் காட்ட வந்தது, தட்டச்சு அறை, கட்டம், எல்லாம்.

அக்கா கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார். நிஜமான சிரிப்பு. அண்ணாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "அவ்ளோதானா? பாவிகளா! ஒரு நிமிஷத்துல என் உசிரே போயிருச்சு. ஒரு பேப்பர், அதுக்கா?" என்று இன்னும் இரண்டு துண்டு ரொட்டி எடுத்துச் சாப்பிட்டார். குட்டிக்கு நிம்மதியில் விக்கலே வந்துவிட்டது. நானும் அப்பாடா என்று இருந்தேன்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு அக்கா தொட்டிக்குப் போனார். குழாயைத் திறந்தார். வெகுநேரம் தட்டு கழுவுகிற சத்தமே வரவில்லை, தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நீளமான நல்ல செய்தியும் வெள்ளிக்கிழமைதானா?" என்று திரும்பாமல் கேட்டார்.

"அப்படித்தான் சொன்னான்" என்றார் அண்ணா.

நான்தான் போய்க் குழாயை மூடினேன்.

அடுத்த நாட்களில் அந்த வீட்டில் சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை இருந்தால் தேவலாம் போலிருந்தது. அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உரையை மறுபடி எழுதினார். பத்து விரலும் பறக்கும். கண் திரையில், கை பார்வைக்கே அகப்படாது. அதை அத்தனை கிட்டத்தில் நான் கவனித்ததில்லை.

"இவ்வளவு வேகமா எங்கக்கா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

விரல்கள் நின்றன. அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணியை மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணா ஒரு வழி வைத்திருந்தார். காலையில் மாடிப்படியில் நின்று அதை அக்காவிடம் சொன்னபோது நானும் இருந்தேன். நான் எப்போதும் இருப்பேன், அது வேறு விஷயம்.

"பொய் சொல்ல வேண்டாம். காலம் மாறிடுச்சு, கம்பெனிகளும் மாறிடுச்சு, புது விவரத்துல அது தெரியலன்னு சொல்லு. அதுவும் நடந்திருக்கலாமில்ல? யாரும் நிரூபிக்க முடியாது. அந்தத் திரட்டு நிறுவனத்தையே இழுத்து மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு."

"யாராலயும் முடியாதுதான்" என்றார் அக்கா.

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. குட்டி சாக்ஸ் காயல. இஸ்திரி போட்டுக் குடுங்க."

நான் அண்ணா கட்சிதான், ஒளிவுமறைவு எதற்கு? இத்தனை வருட உழைப்பு. எத்தனை நாள் இருட்டுகிற வரைக்கும் காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்! அந்த 'நேரம்' கட்டத்தில் எவளோ ஒரு தட்டச்சுக்காரி தப்பான நேரம் போட்டதற்கு இவர் ஏன் தண்டம் கட்டவேண்டும்? என் மனசில் பட்டதை நெட்டையிடமும் சொன்னேன். அவன் வாசலில் குனிந்தபடி, "நான் கேட்டிருக்கவே கூடாது ஆன்ட்டி" என்று மென்று விழுங்கினான். அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. அவனுடைய பட்டமும் அந்த வெள்ளிக்கிழமையின் மேல்தான் நின்றது.

உரை நாளன்று மழை வெறித்திருந்தது. கிளினிக்குக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். அரங்கம் ஒரு பெரிய வகுப்பறைதான். படிப்படியாக இறங்கும் பெஞ்சுகள், ஈரக்குடைகளின் வாசனை. முன்வரிசையில் தேர்வுக்குழு. குழுத் தலைவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். அது நம் கடைக் கண்ணாடி என்று அண்ணா என் காதில் சொன்னார். அவருக்குப் பக்கத்தில், வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு அம்மா. சிரித்தால் அபராதம் என்கிற முகம்.

அக்கா முதலில் பழைய படத்தையே காட்டினார். திங்கள் முதல் வியாழன்வரை குட்டைக் கம்பங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் ஓங்கி ஒரு கம்பம். பின்வரிசைகளில் எல்லோரும் தலையாட்டினார்கள். பாடப்புத்தகத்தில் பார்த்த படமாயிற்றே. அதற்குப் பிறகு நெட்டையின் படங்களைக் காட்டினார். அவன் பெயரைச் சொல்லி, அவன் இருக்கிற இடத்தையும் காட்டினார். நெட்டை பெஞ்சுக்கு அடியில் போகப் பார்த்தான். அவன் உயரத்துக்கு அது ஆகவில்லை.

"பங்கு விலை புதன்கிழமையே இறங்கியிருந்ததை நான் அப்போதே பார்த்தேன்" என்றார் அக்கா. மேடையில் அவர் பேச்சுத்தமிழ் பேசுவதில்லை. "செய்தி கசிந்துவிட்டது என்று எழுதினேன். அந்தக் கசிவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினேன். எதுவும் கசியவில்லை. கம்பெனிகள் புதன்கிழமையே சொல்லிவிட்டன. நான்தான் வெள்ளிக்கிழமை என்று படித்தேன். என் முதல் முடிவு தவறு என்று நினைக்கிறேன்."

அண்ணா என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

தலைவர் நல்ல மனுஷர். கண்ணாடியை ஒருவழியாகக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு எழுந்தார். "ரொம்ப நேர்மையாச் சொன்னீங்கம்மா. ஆனா இது ஒரு அனுமானம்தானே? நீளமான அறிக்கைய கம்பெனியே வெள்ளிக்கிழம வரைக்கும் வச்சிருந்து அனுப்பியிருக்கலாம். வக்கீலெல்லாம் படிச்சுப் பாக்கணும், நேரமாகும். விலை முன்னாடியே இறங்கினதுக்கு நீங்க சொன்ன கசிவே காரணமா இருக்கலாம். அந்த நிறுவனம் இப்ப இல்ல, அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்ல ஆளும் இல்ல. ஒரு சந்தேகத்துக்காக உங்க முடிவ நீங்களே தூக்கிப்போட வேண்டியதில்லையே. இன்னும் ஆராய வேண்டிய விஷயம்னு ஒரு வரி சேத்தா போதும்னு எனக்குத் தோணுது."

கதவை அகலத் திறந்து, உள்ளே வாம்மா என்று கையைப் பிடித்து இழுக்கிறார் மனுஷர். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை. சொல்லுக்கா, சொல்லித்தொலை என்று நான் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணாவின் உதடு அசைந்ததைப் பார்த்தால் அவரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா மேஜைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

"ஆள் இருக்கு சார்" என்றார். மேடைத்தமிழ் போய்விட்டது. "படிக்கிற காலத்துல வீட்டுல வசதி கிடையாது. ஒரு வருஷம் அந்த ரூம்ல நான் டைப் அடிச்சேன்."

அண்ணா சட்டென்று நிமிர்ந்தார். கல்யாணத்துக்கு முன்னால் எங்கேயோ டைப் அடித்தாள் என்கிற அளவுக்குத்தான் அவருக்கும் தெரியுமாம். எங்கே, என்ன என்று அவர் கேட்டதில்லை.

"எங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தன செய்தி ஏத்தணும்னு அளவு உண்டு. ஒரு பக்கமா இருந்தாலும் ஒண்ணுதான், முப்பது பக்கமா இருந்தாலும் ஒண்ணுதான். அப்ப எவ முப்பது பக்கத்த மொதல்ல எடுப்பா? சின்னதா பாத்துப் பொறுக்கி அடிச்சுட்டு, தடிமனையெல்லாம் மேஜைக்கு அடியில தள்ளிடுவோம். வெள்ளிக்கிழம சாயங்காலம் மேஜை காலியா இருக்கணும், இல்லன்னா வீட்டுக்கு விடமாட்டாங்க. அப்ப எல்லாத்தையும் எடுத்து வச்சு அடிப்போம். அடிச்சு முடிச்சதும் மெஷினே நேரத்தப் போட்டுக்கும். நானும் அப்படித்தான் செஞ்சேன்." ஒரு கணம் நிறுத்தினார். "அப்புறம் சில வருஷம் கழிச்சு அதே விவரம் சுத்தமா கட்டம் கட்டி, கம்ப்யூட்டர் வட்டுல என் கைக்கு வந்துச்சு. 'நேரம்'னு போட்டிருந்துச்சு. நம்பிட்டேன். ஒரே ஒரு தடவகூட எனக்கு அந்த ரூம் ஞாபகத்துக்கு வரல. நான் படம் போட்டது கம்பெனிக்காரங்க புத்தியை இல்ல சார். எங்க மேஜைய."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். அபராத முகத்து அம்மா பேனாவை மூடி வைத்தார். அவர் முகம் முதல்முறையாக இளகியிருந்தது. ஆனால் இளகியவர்கள் எல்லாம் கைதூக்கிவிடுவதில்லை.

குழு அடுத்த அறையில் வெகுநேரம் பேசவில்லை. குழுவில் இருந்த அக்காவின் துறைத்தலைவர் வெளியே வந்து தாழ்வாரத்தில் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் நாங்கள் நான்கு தூண் தள்ளி நின்றோம்.

"எல்லாருக்கும் உங்க மேல மரியாதைதான். ஆனா எந்த ஆராய்ச்சிய வச்சுப் பதவி குடுக்கறது? அடித்தளமே இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இந்தத் தடவ முடியாதும்மா."

"சரிங்க" என்றார் அக்கா. "பழைய கட்டுரைய நானே திரும்ப எடுத்துக்கறேன். நாளைக்கே எழுதிடறேன்."

அவர் போன பிறகு அக்கா தாழ்வாரப் படியில் உட்கார்ந்தார். படி ஈரமாக இருக்கிறது என்று நான் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தம் போட்டே அழுதார். போகிற வருகிற மாணவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அண்ணா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். "அந்த ரூம பத்தி என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல" என்றார்.

"எனக்கே இப்பத்தான் தெரியுங்க" என்றார் அக்கா, அழுகைக்கு நடுவில். "இவ என் வேகத்தப் பத்திக் கேட்டாளே, அப்பத்தான் என் கையே எனக்குச் சொல்லுச்சு. இத்தன வருஷம். இத்தன வருஷமாங்க!"

எனக்கும் அழுகை வந்தது. எதற்குக் கேட்டேன், ஏன் என் வாய் இப்படி அலைகிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நெட்டை நான்கு காகிதக் கோப்பைகளில் தேநீர் வாங்கிவந்து, கொடுக்கவும் தெரியாமல் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றான். தேநீர் விரலில் வழிந்துகொண்டிருந்தது. "மன்னிச்சிருங்க மேடம்" என்றான். "நான் வேற தலைப்பு எடுத்துக்கறேன். இத இதோட விட்டுடறேன்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை அண்ணாந்து பார்த்தார். அவ்வளவு உயரத்தைப் பார்க்கக் கழுத்தை நன்றாக வளைக்கவேண்டியிருந்தது. மூக்கை உறிஞ்சினார். ஒரு கோப்பையை வாங்கினார், குடிக்கவில்லை. புருவம் மெல்லச் சுருங்கியது.

"ஏம்பா" என்றார், "உன் புது விவரத்துலயும் நேரம்னு ஒரு கட்டம் இருக்கே."

"இருக்கு மேடம்."

"அது யாரு போடற நேரம்?"

நெட்டை திருதிருவென்று விழித்தான். "அது... கம்பெனி அனுப்பினதும் தானா... அப்படித்தான் மேடம், விளக்கத்துல போட்டிருக்கு."

"விளக்கத்துல எனக்கும்தான் போட்டிருந்துச்சு" என்று அக்கா படியிலிருந்து எழுந்தார். புடவையின் பின்பக்கம் முழுக்க ஈரம், அவர் கவனிக்கவில்லை. "பங்குச்சந்தை ஆபீஸ இன்னும் மூடியிருக்க மாட்டாங்க. வா, போய்க் கேப்போம்."